கப்பலுக்குக் கொசுறு

எங்கள் மளிகைக்கடையின் கடைசி நாளன்று கடைசியாக வந்தவர் எதுவும் வாங்க வரவில்லை. பத்து நிமிடத்தில் வீட்டுக்கே சாமான் கொண்டு தரும் கம்பெனியின் சட்டையைப் போட்டிருந்தார். கையில் செல்போன், முதுகில் பெரிய பை. எங்கள் தெருவில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடியின் பின்வாசல் எங்கே என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா கல்லாவை விட்டு எழுந்து வெளியே வந்து குறுக்குச் சந்தைக் காட்டினார். இந்தப் பக்கம் போனால் நாய் இருக்கும், அந்தப் பக்கமாகப் போங்கள் என்று சொல்லி, குடிக்கத் தண்ணீரும் கொடுத்து அனுப்பினார். அந்தப் பையில் இருந்த தக்காளி எந்த வீட்டுக்குப் போகிறது என்று அப்பாவுக்குத் தெரியும். போன வருடம்வரை அந்த வீட்டுக்குத் தக்காளி கொடுத்தது அவர்தான்.

"அந்தாளுக்கு ரெண்டு நிமிஷம் மிச்சம்" என்று சொல்லிவிட்டு ஷட்டரை இழுத்து மூடினார்.

கடை சென்னையின் தெற்குப் புறநகரில் இருந்தது. அப்பா மீசை முளைக்கும் வயதில் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ரயிலேறிப் போய், உறவுக்காரர் ஒருவர் கடையில் நின்று, பிறகு சொந்தமாகக் கடை போட்டவர். சென்னையில் அப்படிப்பட்ட எல்லாருக்கும் ஒரே பெயர்தான், அண்ணாச்சி. வீடு கடைக்குப் பின்னால். நான் பருப்பு மூட்டைக்கும் எண்ணெய் டின்னுக்கும் நடுவில் உட்கார்ந்து பி.காம் முடித்தேன். ஒரு கம்பெனியில் வாடிக்கையாளர்களின் குறைகளுக்குப் பதில் எழுதும் வேலை கிடைத்தது. கடை மூடுவதற்குச் சில வாரங்கள் முன்பு அந்தக் கம்பெனி என்னையும் என் வரிசையில் உட்கார்ந்திருந்த எல்லாரையும் ஒரே மின்னஞ்சலில் வீட்டுக்கு அனுப்பியது. எங்கள் வேலையை இனி ஒரு செயலி பார்த்துக்கொள்ளும் என்று அதில் எழுதியிருந்தது. அப்பாவின் வேலையையும் ஒரு செயலிதான் பார்த்துக்கொண்டது. ஒரே வீட்டில் ஒரே சமயத்தில் இரண்டு பேருக்கு வேலை போவதில் ஒரு வசதி இருக்கிறது. யார் யாருக்கு ஆறுதல் சொல்வது என்ற குழப்பம் வராது.

வாடகை குறைவு என்பதால் தூத்துக்குடிக்கு வந்தோம். எனக்கு அது கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் வந்துபோன ஊர். முத்துக்குளித்த கடல் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருந்தேன். வந்து பார்த்தால் நிலக்கரி. துறைமுகத்துக்குள் மலைமலையாக நிலக்கரி, வெளியே சாலையின் இரண்டு பக்கமும் மலைமலையாக உப்பு. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதைப் பொறுத்து மொட்டைமாடித் துணி கறுக்கும் அல்லது விறைக்கும்.

முதல் வாரத்தில் எங்களைப் பார்த்த எல்லாரும் ஒரே இரண்டு கேள்விகளைக் கேட்டார்கள்.

"எப்பம் வந்தீய? எப்பம் போறீய?"

அம்மா முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னாள்.

"அண்ணாச்சி லீவு போட்டு வந்திருக்காவளோ?" என்று எதிர்வீட்டு அக்கா விடாமல் கேட்டாள்.

"ஆமா, கடைக்கு லீவு" என்றாள் அம்மா. எப்போது திறப்பீர்கள் என்று அந்த அக்கா கேட்கவில்லை. அதனால் அம்மா சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

இரண்டாவது வாரம் மும்பையிலிருந்து மாமா போன் செய்தார். அம்மாவின் தம்பி. எங்கள் கடையில் பொட்டலம் மடித்துத் தொழில் பழகி, பிறகு மும்பைக்குப் போய்ச் சொந்தக் கடை வைத்தவர். எப்போதும் எதிரில் நிற்பவர் மலைக்கு அந்தப் பக்கம் இருப்பதுபோலப் பேசுவார்.

"அத்தான், நீங்க யோசிக்காதிய. இங்கன வந்துருங்க. கல்லாவுல இருங்க. நம்பிக்கையான ஆளு எனக்கும் வேணும்லா. தங்க எடமா இல்ல? கடைக்கு மேல பரண் இருக்கு, நம்ம பையங்களோட படுத்துக்கிடலாம்."

"பாக்கேன் மாப்ள."

"இதுல பாக்க என்ன இருக்கு? கொடைக்கு வாரேன். திரும்பையில சேர்ந்து போயிருவோம். டிக்கெட் நான் போட்டுருதேன்."

கொடை என்பது அம்மா ஊர் அம்மன் கோயில் திருவிழா. அதற்கு இரண்டரை மாதம் இருந்தது. போனை வைத்த பிறகு அப்பா கொஞ்ச நேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் பரண் கிடையாது, ஆனாலும் பார்த்தார். ஐம்பத்தைந்து வயது, வலது முழங்காலில் வலி.

"போகப் பிடிக்கலளா" என்றார் என்னிடம். "ஆனா இங்கன ஒரு வேலையில இருந்துக்கிட்டு வரலைன்னு சொன்னா அது மரியாதை. சும்மா உக்காந்துக்கிட்டு எப்படிச் சொல்ல முடியும்?"

மாமாவைப் பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் அம்மாவுக்கு அடுக்களையில் ஏதாவது வேலை இருந்தது.

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. இந்த ஊரில் என்னென்ன தொழில் உண்டோ எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் அனுப்பினேன். உப்புக் கம்பெனி, மீன் ஏற்றுமதி, கன்டெய்னர் கிடங்கு. கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்யும் ஒரு சின்ன அலுவலகம் மட்டும் கூப்பிட்டது. முதலாளி கடற்கரைப் பக்கத்துக் கத்தோலிக்கர். சாதாரணமாக மெதுவாகப் பேசுவார், கோபம் வந்தால் மாதாவைக் கூப்பிடுவார். நேர்முகத் தேர்வில் ஒரே கேள்வி.

"இங்கிலீஷ்ல ஒருத்தன் திட்டி மெயில் போட்டா, கோவப்படாம பதில் போடுவியா?"

"அதுதான் சார் என் வேலையா இருந்தது."

மறுநாளே சேர்ந்துவிட்டேன். வேலை சுலபமாகப் புரிந்தது. ஒரு கப்பல் இங்கே வந்து சேரும் முன்பே அதன் சமையல்காரருக்கு வேண்டியவை மின்னஞ்சலில் வந்துவிடும். அரிசி, உருளைக்கிழங்கு, வெங்காயம், உறைந்த கோழி, தரை துடைக்கும் துடைப்பத் தலை, கையுறை. நான் விலை போட்டு அனுப்ப வேண்டும். ஒத்துக்கொண்டால் சாமான்களை வாங்கி, பெட்டியில் அடுக்கி, வேனில் ஏற்றி, துறைமுக கேட்டில் பட்டியலைக் காட்டி, கப்பலடியில் கொண்டு இறக்க வேண்டும். சமையல்காரர் சரிபார்ப்பார், கேப்டன் முத்திரை குத்துவார். இதைப்பற்றி இணையத்தில் இருந்த எல்லா வீடியோக்களையும் இரண்டு நாளில் பார்த்து முடித்தேன். மூன்றாவது நாள்தான் எனக்கு உறைத்தது. இது மளிகைக்கடை. வாடிக்கையாளர் மிதக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

உடனே லேப்டாப்பில் ஒன்பது பக்கத்துக்குப் படங்களோடு ஒரு விளக்கம் தயாரித்தேன். என் அப்பாவை ஏன் வேலைக்கு வைக்க வேண்டும் என்பது தலைப்பு. முதலாளி இரண்டாவது பக்கத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏளா, படம் காட்டாத. ஆளைக் கூட்டிட்டு வா."

அப்பா தோய்த்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். முதலாளி அவரைப் பார்த்ததும் "வாங்க அண்ணாச்சி" என்று எழுந்து நின்றார். வேலை கேட்டு வந்தவருக்கு எழுந்து நிற்கிறோமே என்று பிறகு அவருக்கே தோன்றியிருக்க வேண்டும், மின்விசிறியைக் கூட்டிவைக்கத்தான் எழுந்தவர்போல அதைக் கூட்டிவைத்தார்.

"சாமான் எடுத்து அடுக்கித் தரணும். ரெண்டு மாசம் பாப்போம் அண்ணாச்சி. சரிப்பட்டா நம்ம ஆளா வச்சுக்கிடுதேன். சரிப்படலைன்னா வருத்தப்படக் கூடாது."

"அதுக்கென்ன" என்றார் அப்பா. இரண்டு மாதம் முடிவது கொடைக்கு முந்திய வாரம். வீட்டுக்கு வரும் வழியில் நாங்கள் இருவரும் அதைத் தனித்தனியாகக் கணக்குப் போட்டோம்.

அப்பாவுக்குச் சாமான் பழக்கம், வேலை பழக்கமில்லை. முதலில், யாருக்கு என்று தெரியாமல் அவரால் ஒரு கிலோ வெங்காயத்தைக்கூட எடுத்துவைக்க முடியவில்லை.

"எத்தனை பேரு?"

"இருபத்திரண்டு பேருப்பா."

"சின்னப் பிள்ளைக உண்டா?"

"கப்பல்ல பிள்ளைங்க இருக்க மாட்டாங்கப்பா."

"வயசானவங்க?"

"கேப்டனுக்கு வயசு இருக்கும்."

"அப்பம், பருப்பு வேகுற பருப்பா எடுக்கணும்."

கேப்டன் பருப்பு கேட்கவில்லை என்று சொன்னேன். அப்பா அதைக் கேப்டனின் குறையாகவே எடுத்துக்கொண்டார்.

அடுத்தது, அவருக்குப் பெரிய சிக்கல்.

"இந்தக் கப்பல் மறுபடி எப்ப வரும்?"

"தெரியாதுப்பா. வராமலேயும் போகலாம்."

"வராமயா?"

"இது கரி இறக்க வந்தது. அடுத்து வேற எங்கயோ போகும்."

அப்பா கையில் இருந்த முட்டைக்கோஸைக் கீழே வைத்துவிட்டார். "நாளைக்கு வராத ஆளுகிட்ட எப்படிளா யாவாரம் பண்ண?"

வேன் ஓட்டுகிற அண்ணன் கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். ஊரில் எல்லாரையும் கிண்டல் செய்யும் உரிமம் தனக்கு இருப்பதாக நினைப்பவர். "ஏன் அண்ணாச்சி, கப்பல்காரன் கடன் எழுதிட்டுப் போயிருவான்னு பயமா?" என்றார். அப்பா சிரிக்கவில்லை. அவருக்கு அது நியாயமான சந்தேகமாகத்தான் பட்டது.

முதல் சில கப்பல்களுக்கு முதலாளி கூடவே இருந்து அடுக்கினார். ஒரு நாள் அவர் மணப்பாட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். அன்றைக்கு அப்பா தனியாக அடுக்கினார். விடியற்காலையிலேயே போய், நான் போவதற்குள் எல்லாப் பெட்டியையும் கட்டி, ஒட்டி, வேனில் ஏற்றி, கைகழுவிவிட்டு நின்றார். அவ்வளவு சுத்தமாக அடுக்கிய பெட்டிகளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. படம் எடுத்து முதலாளிக்கு அனுப்பினேன். அவர் கட்டைவிரலை அனுப்பினார்.

துறைமுக கேட்டில் சோதனை செய்யும் அதிகாரி வழக்கமாக ஒரு பெட்டியைத் திறப்பார், பட்டியலோடு ஒத்துப்பார்ப்பார், விடுவார். அன்று உருளைக்கிழங்குப் பெட்டியைத் திறந்தார். மேலாக ஒரு செய்தித்தாள் பொட்டலம் இருந்தது. பிரித்தார்.

"இது என்ன?"

"கறிவேப்பிலை சார்" என்றார் அப்பா.

"அது தெரியுது. லிஸ்ட்ல எங்க இருக்கு?"

"லிஸ்ட்டுல வராது சார். இது சும்மா."

"சும்மான்னா?"

"கொசுறு சார்."

அதிகாரி ஒரு நிமிடம் கப்பல் நிற்கும் திசையைப் பார்த்தார். "கப்பலுக்கா?"

"யாரா இருந்தா என்ன சார்? காய் வாங்குனா கறிவேப்பிலை குடுக்கணும்லா."

இந்த இடத்தில் நான் உதவிக்குப் போனேன். போயிருக்கக் கூடாது. "இது ஒரு நல்லெண்ண நடவடிக்கை சார்" என்றேன். இரண்டு நாடுகளுக்கு நடுவில் கையெழுத்தாகும்போது சொல்லும் வார்த்தை அது, வேறெதுவும் வாயில் வரவில்லை.

"நல்லெண்ணத்தை ஏம்மா பேப்பர்ல சுத்தி உள்ள வச்சிருக்கீங்க?"

"இல்லைன்னா வாடிரும் சார்" என்றார் அப்பா.

"அண்ணாச்சி, பேசாம இருங்க" என்று வேன் அண்ணன் உதட்டை அசைக்காமல் சொன்னார்.

அதிகாரியின் மேல் எந்தத் தப்பும் இல்லை. அவருடைய அனுபவத்தில் சும்மா என்று சொல்லி யாரும் எதையும் ஒரு கப்பலுக்குள் அனுப்பியதில்லை. எல்லாப் பெட்டியையும் இறக்கச் சொன்னார். வெயிலில் வரிசையாக வைத்துத் திறந்தோம். வெங்காயப் பெட்டியில் கொத்தமல்லிக் கட்டு. தக்காளிப் பெட்டியில் ஒரு கை பச்சைமிளகாய். முட்டைக்கோஸுக்கு நடுவில் இஞ்சி. கேரட்டோடு மறுபடியும் கறிவேப்பிலை. துடைப்பத் தலைகள் இருந்த பெட்டியில் மட்டும் ஒன்றும் இல்லை.

"இதுல எதுவும் வைக்கலையா?" என்று கேட்டார் அதிகாரி. சந்தேகம் இப்போது வேறு பக்கம் திரும்பியிருந்தது.

"அது தின்கிற சாமான் இல்லல்லா சார்."

எல்லாக் கொசுறையும் ஒரு மேசையில் அடுக்கி, எழுதி, திரும்பிப் போகும்போது வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். நாங்கள் கப்பலடிக்குப் போனபோது வெயில் உச்சியில் இருந்தது. சமையல்காரர் பிலிப்பினோ, குட்டையானவர், கழுத்தில் ஈரத்துண்டு. காய்களைப் பார்த்துத் தலையாட்டினார். உறைந்த கோழியைக் கட்டைவிரலால் அழுத்தினார். விரல் உள்ளே போனது. அவர் அந்தப் பெட்டிகளைக் காலால் எங்கள் பக்கம் தள்ளினார்.

உள்ளே கொண்டுபோன கோழி ஏன் வெளியே வருகிறது என்று கேட்டில் மறுபடியும் விளக்க வேண்டியிருந்தது. அதை நான் ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொண்டேன். கொசுறைக் கையெழுத்துப் போட்டுத் திரும்ப வாங்கினோம். அந்தக் கறிவேப்பிலையில் அம்மா துவையல் அரைத்தாள். நன்றாக இருந்தது என்று யாரும் சொல்லவில்லை.

முதலாளி கல்யாணத்திலிருந்து வந்து எல்லாவற்றையும் கேட்டார்.

"மாதாவே!" என்றார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து மறுபடியும், சத்தத்தைக் குறைத்து, "மாதாவே" என்றார். "அண்ணாச்சி, எங்க அப்பா காலத்துல இருந்து இந்தத் தொழில் பண்ணுதோம். கப்பலுக்குக் கொசுறு குடுத்த மொத ஆளு நீங்கதான்."

"பழக்கதோஷம்" என்றார் அப்பா.

"இருக்கலாம். ஆனா லிஸ்ட்டுல இல்லாத ஒரு இலை கேட்டைத் தாண்டப்பிடாது. இன்னொருக்க இப்படி நடந்தா என் துறைமுகப் பாஸையே புடுங்கிருவான். அப்புறம் உங்களை வச்சுக்கிட முடியாது அண்ணாச்சி, மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதிய."

"இனி நடக்காது."

அப்பா அதைச் சொன்ன விதத்தில் எனக்கு நம்பிக்கை வந்தது. அவர் கை அதைக் கேட்டுக்கொண்டதா என்று தெரியவில்லை. அடுத்த கப்பலுக்கு அவர் அடுக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு பெட்டி நிறைந்ததும் வலது கை தானாக இடது பக்கம் போகும். சென்னைக் கடையில் கறிவேப்பிலைக் கூடை இருந்த பக்கம் அது. இங்கே அந்த இடத்தில் சுவர். கை சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பி வரும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒருமுறை.

நான் சும்மா இருப்பேனா? சட்டப்படி இதைச் செய்ய ஒரு வழி இருக்கும் என்று தோன்றியது. அடுத்த கப்பலுக்கு விலைப்பட்டியல் அனுப்பும்போது கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். கறிவேப்பிலை, ஒரு கட்டு, விலை இல்லை. பட்டியலில் இருந்துவிட்டால் கேட்டில் பிரச்சினை கிடையாதே. முதலாளியிடம் சொன்னபோது, "போட்டுப் பாரு" என்று என்னைப் பார்க்காமலே சொன்னார்.

கப்பல் கம்பெனியின் கொள்முதல் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. கடைசி வரியில் உள்ள பொருள் எங்களால் கேட்கப்படவில்லை, ஏன் சேர்க்கப்பட்டது? எங்கள் பக்க வழக்கம் என்று எழுதினேன். விலையில்லாத பொருளை எங்கள் கணினியில் ஏற்ற முடியாது, விலை குறிப்பிடவும் என்று வந்தது. அப்படியானால் வேண்டாம், எடுத்துவிடுகிறேன் என்று எழுதினேன். ஒருமுறை குறிப்பிட்டதை எடுக்கக் காரணம் தேவை என்று வந்தது. ஒரு கட்டு கறிவேப்பிலைக்காகப் பதினோரு மின்னஞ்சல் ஆனது. கடைசியில் நான் தோற்று ஒரு விலை போட்டேன். ஒப்புதல் வந்தது. வெற்றியோடு அப்பாவிடம் ஓடினேன்.

"அப்பா, கறிவேப்பிலை போகுது! ஆர்டர்லயே இருக்கு."

"துட்டு போட்டியா?"

"போட்டாத்தான் அவங்க கம்ப்யூட்டர் எடுக்குமாம்."

அப்பா பெட்டியைக் கட்டுவதை நிறுத்தவில்லை. "துட்டு வாங்கிட்டா அது யாவாரம்ளா. நான் சொன்னது வேற."

கட்டை எடுத்து, எடை போட்டு, மற்ற சாமானோடு சாமானாக உள்ளே வைத்தார். கப்பல்காரரும் அதைச் சாமானாகவே வாங்கிக்கொண்டார். பிறகு நான் அந்த வரியைச் சேர்க்கவில்லை.

அப்படியே கப்பல்கள் வந்து போயின. நான் ஒவ்வொரு பெட்டியையும் ஒட்டுவதற்கு முன்பு திறந்து பார்த்தேன். பெற்ற அப்பாவைச் சோதனை போடுவது முதல் இரண்டு தடவை சங்கடமாக இருந்தது. மூன்றாவது தடவையிலிருந்து அவரே பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, கையைப் பின்னால் கட்டி நின்றார். எல்லாம் பட்டியல்படி இருந்தது. கேட்டில் அந்த அதிகாரி எங்கள் வேனைக் கண்டதும் "அண்ணாச்சி, இன்னைக்கு என்ன சும்மா?" என்று கேட்பார். "ஒண்ணும் இல்ல சார்" என்பார் அப்பா. அதிகாரி அப்போதும் ஒன்றுக்கு மூன்று பெட்டி திறப்பார்.

இரண்டு மாதம் முடிகிற வாரத்தில் ஒரு பெரிய நிலக்கரிக் கப்பல் வந்தது. முதலாளி முன்னாலேயே சொல்லிவிட்டார். "அண்ணாச்சி, இதையும் பாத்துட்டுச் சொல்லிருதேன்." அதே வாரம் மாமாவும் மும்பையிலிருந்து கிளம்பிவிட்டார்.

அன்றைக்குச் சாமான் நிறைய. இறக்கி வைக்க ஆள் போதாததால் அப்பாவும் கப்பலடிவரை வந்தார். தலைக்கு மேலே பெரிய தூக்கிகள் நிலக்கரியை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தன. அப்பாவின் வெள்ளைச் சட்டை ஐந்து நிமிடத்தில் சாம்பல் நிறமானது. சமையல்காரர் ஏணி வழியாக இறங்கி வந்தார். வாட்டசாட்டமான மனிதர், சிரித்த முகம். எந்த நாடு என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொரு பெட்டியாகத் திறந்தார், பட்டியலில் கோடு போட்டார். கோழி கல் மாதிரி இருந்தது. தக்காளியை முகர்ந்து பார்த்து அப்பாவிடம் கட்டைவிரலைக் காட்டினார். எல்லாம் சரி. கையெழுத்தும் ஆயிற்று.

பிறகு அவர் காகிதத்தை என்னிடம் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, அப்பாவைப் பார்த்து, காலிப் பெட்டி ஒன்றைத் தட்டி, இன்னொரு கையை லேசாக நீட்டினார். ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். நண்பரே, எனக்கு ஒன்றும் இல்லையா, சின்னதாக ஏதாவது என்பதுதான் அதன் சாரம். எல்லாத் துறைமுகத்திலும் எல்லாச் சமையல்காரர்களும் கேட்பதுதான் என்று வீடியோக்களில் பார்த்திருந்தேன்.

அப்பாவுக்கு நான் மொழிபெயர்க்கவில்லை, தேவைப்படவில்லை. சென்னையில் வாடிக்கையாளர்கள் பொட்டலத்தை வாங்கிப் பையில் போட்டுவிட்டு, கல்லாவைத் தாண்டிக் கூடையைப் பார்ப்பார்களே, அதே பார்வை.

அப்பா என்னைப் பார்த்தார். நான் பட்டியலைப் பார்த்தேன். வேன் அண்ணன் டயரைப் பார்த்தார். வேனுக்குள் எதுவும் கிடையாது, என் கையாலேயே எல்லாவற்றையும் சரிபார்த்திருந்தேன். அப்பாவின் வலது கை கொஞ்சம் இடது பக்கம் நகர்ந்தது. அங்கே சுவர்கூட இல்லை, கடல்தான் இருந்தது.

"நோ" என்றார் அப்பா. பிறகு அது போதாதென்று தோன்றியிருக்கும். "கிடையாதுய்யா" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

சமையல்காரர் சிரித்துக்கொண்டே அப்பாவின் தோளைத் தட்டிவிட்டு, காகிதத்தைக் கொடுத்துவிட்டு, ஏணியில் ஏறிப் போனார். அவருக்கு அது ஒன்றுமே இல்லை.

வேன் கேட்டைத் தாண்டி உப்பு மலைகளின் பக்கம் வந்தபோது அப்பா கேட்டார்.

"கோவிச்சுக்கிட்டானோ?"

"இல்லப்பா. அவரு எல்லார்கிட்டயும் கேப்பாரு."

"கேட்டவனுக்கு இல்லைன்னுட்டேன்ளா."

"கேக்காதவனுக்குக் குடுத்ததுக்குத்தான் அன்னைக்கு வெயில்ல நின்னோம்" என்றார் வேன் அண்ணன். "இது முன்னேத்தம் அண்ணாச்சி."

அப்பா சட்டையைத் தட்டினார். கரித்தூள் போகவில்லை, பரவியது.

அலுவலகத்தில் வேன் அண்ணன் முதலில் இறங்கி ஓடினார். எனக்கு முன்னால் செய்தி சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான். "மொதலாளி, கேட்டீயளா? கப்பல்காரன் வாயைத் தொறந்து கேக்கான், அண்ணாச்சி இல்லைன்னு சொல்லிட்டாவ. எங் காதால கேட்டேன்."

முதலாளி அப்பாவைப் பார்த்தார். "நெசமாவா அண்ணாச்சி?"

"ஆமா" என்றார் அப்பா. திருட்டை ஒப்புக்கொள்வதுபோல இருந்தது.

"அப்பம் சரி. திங்கக்கிழமையில இருந்து நீங்க நம்ம ஆளு. துறைமுகத்துக்கு உங்க பேர்ல நிரந்தரமா பாஸ் போட்டுருவோம். போட்டோ ரெண்டு கொண்டாங்க."

நான் துள்ளினேன். அப்பா "சரி" என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போய் முகம் கழுவினார். சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினார்.

மாமா கொடைக்கு முந்தின நாள் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் பேசத் தொடங்கிவிட்டார்.

"அத்தான், டிக்கெட் போட்டாச்சு. ரெண்டு கீழ்ப் படுக்கை. உங்க முழங்காலுக்காகச் சொல்லி வாங்குனேன்."

மும்பையில் பரணில் ஏறப்போகிறவருக்கு ரயிலில் மட்டும் கீழ்ப் படுக்கை.

அப்பா அவரை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். பிறகு சொன்னார், "மாப்ள, நான் வரல. எனக்கு இங்கன வேலை கெடைச்சிருக்கு."

"என்ன வேலை?"

"கப்பலுக்குச் சாமான் குடுக்கிற வேலை."

மாமா என்னைப் பார்த்தார், நான் தலையாட்டினேன். "கப்பலுக்கா? நம்ம கடை மாதிரி இருக்குமா அத்தான்?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "இருக்காது" என்றார். "ஆனா நின்னுக்கிடலாம்."

மாமாவுக்கு வருத்தமா நிம்மதியா என்று எனக்குத் தெரியவில்லை. டிக்கெட்டை ரத்து செய்தால் என்ன பிடிப்பார்கள் என்று செல்போனில் தேட ஆரம்பித்தார். அப்போதுதான் அம்மா உள்ளேயிருந்து ஒரு பெரிய பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அப்படி ஒரு பை தயாராக இருந்தது எனக்கோ அப்பாவுக்கோ தெரியாது. அதைக் கூடத்தின் நடுவில் வைத்து ஜிப்பைத் திறந்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். அப்பாவின் வேட்டிகள், துண்டு, முழங்காலுக்குத் தேய்க்கும் தைலம், மடித்த போர்வை. எல்லாவற்றையும் அலமாரியில் பழைய இடத்தில் வைத்துவிட்டு வந்தாள். அடியில் கடைசியாக ஒரு நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டில் இருந்தது. அதைத் துடைத்து மாமாவின் கையில் கொடுத்தாள்.

"இதை மட்டும் நீ கொண்டு போ" என்றாள். "ரயில்ல சாய்ச்சு வச்சிராதே, எண்ணெய் கசியும்."